வெற்றிடம் விடப்படாது

"முதல் தாளிலேயே பிழை. பிள்ளையார் சுழியைக் காணேல்லையே, தம்பி?"

நொத்தாரிசு சண்முகரத்தினம் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எதிரே கதிரை நுனியில் இருந்த கஜமுகன் இன்னும் நுனிக்கு நகர்ந்தான். ஐயா கையெழுத்து வைக்கிற பேனை நீலம் என்பது கரம்பொனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவப்பை எடுத்தால் விசயம் வேறு.

"ஐயா, இது புரோகிராம். கொம்பியூட்டர் வாசிக்கிறதுக்கு எழுதினது."

"அப்ப நான் இப்ப என்ன செய்துகொண்டிருக்கிறன்?"

நியாயமான கேள்விதான்.

சங்கதி இதுதான். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஓடுகிற படகுகளுக்கென்று ஒரு சங்கம். திருவிழா வந்தால் சனம் இறங்குதுறையில் வெயிலில் காய்ந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, கடைசியில் படகுக்காரரையும் அம்மனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு ஏறும். அந்தக் கண்றாவியை நிறுத்துவதற்கு, கைபேசியிலேயே இருக்கை பதிகிற புரோகிராம் ஒன்றைக் கஜமுகன் எழுதியிருந்தான். நல்ல புரோகிராம். ஓட்டிப் பார்த்த பதினாலு தடவையும் மூக்குச் சிந்தாமல் ஓடியது. ஆனால் சங்கத்தின் யாப்பில் ஒரு விதி இருக்கிறது. தலைவர் வாசித்துக் கையெழுத்து வைக்காத எந்த எழுத்தும் சங்கத்துக்குள் வரக்கூடாது. அந்த யாப்பை எழுதியவர் தலைவர். தலைவர் யாரென்றால் நாற்பது வருசம் காணி உறுதி எழுதி, ஒன்பது வருசத்துக்கு முன் தொழிலை விட்ட இந்தச் சண்முகரத்தினம்.

அதனால் போன வெள்ளிக்கிழமை கஜமுகன் புரோகிராம் முழுவதையும் ஏழு தாளில் அச்செடுத்து, ஐயா கையெழுத்து வைக்கவேண்டிய சங்கத்தின் ஏற்புக் கடிதத்தையும் மேலே வைத்துக் கொண்டுபோனான். ஐயா குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி பத்மாசனி அன்ரியிடம் கொடுத்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை போய்க் கையோடு வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்தான், பாவம்.

அவனுக்கு அவசரம் இருந்தது. கொழும்பில் பதினொரு வருசம் ஒரு கம்பனியில் வேலை செய்து, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துச் சீவித்து, போதுமடா சாமி என்று மனைவி நிருஜாவையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான சுருவிலுக்கே வந்துவிட்டவன் அவன். இங்கேயிருந்து புரோகிராம் எழுதிப் பிழைப்பேன் என்று சபதம். பத்து மாதமாகச் சபதம் மட்டும்தான் இருந்தது. வேலை ஒன்றும் வரவில்லை. இதற்கிடையில் பழைய கம்பனி திரும்பி வரச்சொல்லிக் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் பதில் சொல்லவேண்டும்.

நிருஜா சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பான்.

"இஞ்சருங்கோ, சங்கம் ஓமெண்டால் இஞ்சயே இருப்பம். எனக்கும் விருப்பம்தான். இல்லாட்டி வெள்ளிக்கிழமை கம்பனிக்கு ஓமெண்டு எழுதுங்கோ, நான் பெட்டி அடுக்கிறன்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டாள். அந்த ஆறுதல்தான் அவனைப் பயப்படுத்தியது.

"கையெழுத்தைத் தாங்கோ ஐயா" என்று நேரே கேட்டிருக்கலாமே என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் நொத்தாரிசிடம் கையெழுத்தைக் கேட்டு வாங்குவதில்லை. அவராக வைப்பார், அவராகத் தருவார். கேட்டால் காகிதத்தில் ஏதோ கள்ளம் இருக்கிறதென்று ஆகிவிடும். கஜமுகனின் தகப்பன் ஒருக்கால் வாய்தவறிக் கேட்டுவிட்டு ஆறு மாதம் அலைந்தவர்.

"ஐயா, அந்தக் கடிதம்..." என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தான்.

"அட, கடிதம் ஒரு நிமிசத்து அலுவல். அதை விடும். எழுத்துத்தான் முக்கியம்." ஐயா இரண்டாம் தாளைப் புரட்டினார். புருவம் மேலே போனது. "உதென்ன, நடுவில நடுவில ரெண்டு வரி வெறுமையாக் கிடக்கு?"

"ஒரு பகுதி முடிஞ்சு அடுத்தது தொடங்கிறது ஐயா. வாசிக்கிற ஆளுக்குச் சுகமாயிருக்க இடைவெளி விடுறது. அதுதான் முறை."

"ஆற்ற முறை? வெற்றிடம் விடப்படாது, தம்பி! எழுபத்தொன்பதாம் ஆண்டு ஒருத்தர் எழுதின உறுதியில நாலு விரற்கடை இடம் விட்டவர். பேந்து ஆரோ அதுக்குள்ள 'கிணறும்' எண்டு ஒரு சொல்லைச் சொருகிப் போட்டான். இருபத்திரண்டு வருசம் வழக்கு. வழக்கு முடியேக்க கிணத்தில தண்ணியே இல்லை!"

"ஐயா, இதுக்குள்ள ஆர் கிணறு சொருகப் போகினம்?"

"படகைச் சொருகினால்?"

பத்மாசனி அன்ரி தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். "அவசரப்படாதேங்கோ. வடிவா ஒவ்வொரு எழுத்தாப் பாருங்கோ. தம்பி எங்க ஓடப் போறார்?" என்று கணவரிடம் சொன்னார். கஜமுகனுக்கு ஓடவேண்டும் போலத்தான் இருந்தது.

வெறும் வரிகளை உறுதியில் செய்வதுபோலக் கோடு கிழித்து அடைக்கவேண்டும், உச்சியில் சுழி போடவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இரண்டு பிரதி செய்து, ஒன்றை ஐயாவுக்கும் மற்றதை மெசினுக்கும் கொடுத்துவிடலாம் என்று கஜமுகன் மனதுக்குள் திட்டம் போட்டான். அதை மோப்பம் பிடித்தவர்போல ஐயா பேனையை ஆட்டினார்.

"மூலப்பிரதியும் நகலும் எழுத்துக்கு எழுத்து ஒண்டாயிருக்கவேணும். நான் வாசிக்கிறதுதான் ஓடவேணும். லப்ரொப்பை நாளைக்குக் கொண்டு வாரும், என்ர கண்ணுக்கு முன்னால ஓட்டிக் காட்டும்."

செவ்வாய்க்கிழமை கஜமுகன் லப்ரொப்போடு வந்தான். அவனுக்கு ஒரு வழி தெரியும். ஒரு வரியின் தொடக்கத்தில் '#' என்ற குறியைப் போட்டுவிட்டால் கொம்பியூட்டர் அந்த வரியைப் பார்த்தும் பாராததுபோலப் போய்விடும். சுழிக்கு முன்னால் ஒன்று போட்டான். அடைப்புக் கோடுகளுக்கு முன்னால் ஒவ்வொன்று போட்டான். புரோகிராம் ஒழுங்காக ஓடியது. வீட்டிலிருந்து வரும்போது விசிலடித்துக்கொண்டுகூட வந்தான்.

ஐயா முதல் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"பிள்ளையாருக்கு முன்னால ஏன் வேலி அடைச்சிருக்கிறீர்?"

"வேலி இல்லை ஐயா. அது ஒரு குறி. கொம்பியூட்டர் அந்த வரியைப் பாக்காமல் விடுறதுக்கு..."

"பிள்ளையாரைப் பாக்காமல் விடச் சொல்லி எழுதினனீரோ!"

அந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் உபதலைவர் குருசுமுத்து படலையைத் திறந்துகொண்டு வந்தார். நாலு படகுக்குச் சொந்தக்காரர். கடலில் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய தொண்டை. மெல்லக் கதைத்தாலே நாய் எழும்பி நிற்கும்.

"என்ன நொத்தாரிசு ஐயா, எங்கட புரோகிராம் எந்தமட்டில?" தாளை எட்டிப் பார்த்தார். "ஓகோ, பிள்ளையார் சுழி போட்டாச்சு. சங்கத்தில பாதிப்பேர் எங்கட ஆக்களெல்லோ. சிலுவை எங்க?"

"அண்ணை, இது..."

"நான் வள்ளம் இறக்கேக்கயும் சிலுவை போட்டுத்தான் இறக்கிறனான். கடிதம் எழுதினாலும் உச்சியில சிலுவை. பிள்ளையாருக்குப் பக்கத்தில இடம் கிடக்குத்தானே, அதில போடும் தம்பி."

கஜமுகன் சிலுவையையும் போட்டான். போட்டதும் குருசுமுத்து முகத்தைச் சுருக்கினார்.

"என்னப்பா, கம்பிக்குப் பின்னால வைச்சுப் போட்டீர்? மறியலில இருக்கிற மாதிரி!"

வேலி எடுபட்டது. வேலி எடுபட்டதும் புரோகிராம் முதல் வரியிலேயே படுத்துவிட்டது. சுழி என்றால் என்ன, சிலுவை என்றால் என்ன என்று அதற்கு விளங்கவில்லை. இரண்டு பெரியவர்களும் லப்ரொப்பை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அதைவிடக் கூடுதலாகக் கஜமுகனைப் பார்த்தார்கள்.

கஜமுகன் லப்ரொப்பைத் தன் பக்கம் திருப்பினான். யோசித்து யோசித்து, சுழிக்கும் சிலுவைக்கும் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று மேற்கோள் குறிகளைப் போட்டான். அப்படிப் போட்டாலும் கொம்பியூட்டர் சும்மா விட்டுவிடும். கடவுளே என்று ஓடியது.

"இது பறவாயில்லை. மாலை போட்ட மாதிரி இருக்கு" என்றார் ஐயா.

"எங்கடைக்கும் மாலை போட்டிருக்கு" என்றார் குருசுமுத்து, திருப்தியாக.

பத்மாசனி அன்ரி அன்றைக்குச் சுடச்சுட வடை கொண்டுவந்தார். கஜமுகன் இரண்டு தின்றான். இனி நீலப் பேனைதான் என்று அவனுக்கு நிச்சயமாயிற்று. ஐயா வடையைத் தின்று முடித்து, கையைத் துடைத்து, மூன்றாம் தாளை எடுத்து, "நாளைக்கு வாரும். இந்தப் படிக்கட்டைப் பற்றிக் கதைக்கவேணும்" என்றார்.

படிக்கட்டு என்றால் என்னவென்று புதன்கிழமை காலையில்தான் தெரிந்தது. தாளின் இடது ஓரத்தில் வரிகள் எல்லாம் ஒரே நேரில் தொடங்கவில்லை. சில வரி நாலு இடம் உள்ளே, சில வரி எட்டு இடம் உள்ளே. ஐயாவுக்கு அது பொறுக்கவில்லை. நாற்பது வருசமாக ஓரம் தப்பாமல் எழுதிய மனிதர்.

"கரை எண்டு ஒண்டு எதுக்கு? எல்லா வரியும் கரையிலிருந்து தொடங்கிறதுக்கு. இதென்ன, குடிகாரன் நடந்த மாதிரி?"

"ஐயா, உள்ள தள்ளி எழுதினதுக்குத்தான் அருத்தமே இருக்கு." கஜமுகன் பொறுமையாகத் தொடங்கினான். "இது பைதன் எண்டு ஒரு மொழி. இஞ்ச பாருங்கோ, 'படகு நிரம்பினால்' எண்டு ஒரு வரி. அதுக்குக் கீழ நாலு இடம் தள்ளி, 'இடமில்லை எண்டு சொல்லு'. தள்ளியிருக்கிறபடியாத்தான் நிரம்பினால் மட்டும் சொல்லும். வெளியில இழுத்தால், நிரம்பினாலும் சொல்லும், நிரம்பாட்டிலும் சொல்லும்."

"வெறும் இடத்துக்கு அவ்வளவு அதிகாரமோ?"

"ஓம் ஐயா."

"நான் நம்பமாட்டன். இழும் பாப்பம்."

இழுத்தான். வேறு என்ன செய்வது? படகில் எண்பது இருக்கை, ஒருவரும் ஏறவில்லை. முதல் பயணியாக அன்ரியின் பெயரைப் பதிந்தான். 'மன்னிக்கவும், இடமில்லை' என்றது லப்ரொப்.

அன்ரி இடுப்பில் கை வைத்தார். "எண்பது கதிரை வெறுமையாக் கிடக்கு. எனக்கு இடமில்லையோ?"

"இதுக்குத்தான் ஐயா சொன்னனான்..."

"பொறும், பொறும். அப்ப அதை உள்ள தள்ளும். அதுக்குக் கீழ இருக்கிற வரி மட்டும் ஏன் வெளியில நிக்குது? தனிய நிக்கவிட்டா அதுக்கும் ஆரோ பக்கத்தில சொருகுவான். அதையும் உள்ள தள்ளும்."

அது இருக்கை இலக்கத்தை ஒவ்வொன்றாகக் கூட்டுகிற வரி. அதை 'நிரம்பினால்' என்பதற்குள் தள்ளினால் இலக்கம் கூடவே கூடாது. கஜமுகன் சொல்ல வாய் திறந்தான். ஐயா பேனையால் மேசையில் தட்டினார். கஜமுகன் தள்ளினான்.

அன்ரிக்கு இருக்கை கிடைத்தது. முதலாம் இலக்கம். "ஆ, இப்ப சரி!" என்றார் ஐயா. குருசுமுத்து அன்றும் வந்திருந்தார். அவருக்கும் ஒன்று பதியச் சொன்னார். முதலாம் இலக்கம். ஐயாவுக்கும் பதிந்தார்கள். அவருக்கும் முதலாம் இலக்கம்.

குருசுமுத்துவின் சிரிப்பில் கூரையிலிருந்த காகங்கள் கிளம்பிவிட்டன. "நொத்தாரிசு ஐயா, மூண்டு பேரும் ஒரே கதிரை! அக்கா கீழயோ, நான் கீழயோ?"

"சீ! என்ன கதை இது!" ஐயாவின் முகம் சிவப்புப் பேனையின் நிறத்துக்கு வந்தது. "உடன வெளியில எடும் அதை!"

அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளேயிருந்து வெகுநேரம் சிரிப்புக் கேட்டது. திரும்பி வரும்போது தட்டில் பயத்தம் பணியாரம் இருந்தது. இவ்வளவு பலகாரம் செய்ய இந்த மனுசிக்கு எங்கிருந்து உற்சாகம் வருகிறது என்று கஜமுகன் எரிச்சலோடு கடித்தான். நல்ல ருசியாகத்தான் இருந்தது.

படிக்கட்டை ஐயா அரை மனதோடு விட்டுவிட்டார். ஆனால் ஒன்று. "இடப்பக்கம் கோணலெண்டால் வலப்பக்கமாவது நேரா இருக்கவேணும். வரியள் ஒண்டு நீளம், ஒண்டு கட்டை. உறுதித் தாளில ரெண்டு கரையும் நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். நீட்டுத் தாளில எடுத்துக்கொண்டு வாரும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது நிருஜா அலுமாரிக்கு மேலிருந்த பெட்டிகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குப் புதன்தானே!" என்றான்.

"தூசிதானப்பா தட்டுறன்" என்றாள்.

வியாழக்கிழமை காலை வேலணையில் இருந்த ஒரு கொமினிகேசனுக்கு ஓடினான். படப்பிரதி, அச்சு, கடவுச்சீட்டுப் படம் எல்லாம் அங்கேதான். ஜெனீற்றா என்ற பிள்ளை வேலை செய்தாள். கெட்டிக்காரி, ஆனால் கேட்டதைவிடக் கூடச் செய்துகொடுக்கிற கெட்டிக்காரி.

"நீட்டுத் தாளில, ரெண்டு கரையும் கொஞ்சம் நேரா வாற மாதிரி, பிள்ளை. அவசரம்" என்றான்.

அவன் பிளேன்ரீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் தயார். அவள் முகமெல்லாம் பெருமை.

"அண்ணை, ஐயோ, உங்கட பைலைப் பாக்க எனக்கு அழுகை வந்திட்டுது. எங்க பாத்தாலும் சும்மா சும்மா இடம். ஆரோ தெரியாமல் தட்டிப் போட்டினம். முழுக்க எடுத்திட்டன். உங்கட பழைய மேற்கோள் குறி நேர் குத்தா இருந்தது, வளைஞ்ச வடிவானதாப் போட்டிருக்கு. ஏழு தாள் இப்ப மூண்டு தாள். பாருங்கோ எப்பிடி இருக்கெண்டு!"

பார்த்தான். இரண்டு கரையும் சுவர் கட்டியதுபோல நேராக இருந்தது. நடுவில் காற்றுப் புகக்கூட இடமில்லை. அதை அப்படியே கிழித்தெறிந்திருக்கவேண்டும். ஆனால் 'இதைக் கண்டால் மனுசன் நீலப் பேனையை எடுத்திடும்' என்று ஒரு சபலம். அந்தத் தாள்களோடு அவள் தந்த பைலையும் வாங்கிக்கொண்டு கரம்பொனுக்குப் பறந்தான்.

சபலம் பலித்தது, அரைவாசி. ஐயா மூன்று தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது.

"இது... இது எழுத்து! பத்மா, இஞ்ச வந்து பாரும். இதுக்குள்ள ஒருத்தன் ஊசி சொருக ஏலுமோ பாப்பம்! இப்ப ஓட்டும் தம்பி."

ஓட்டினான். முதல் வரியில் படுத்தது. அதைத் திருத்தினான், இரண்டாம் வரியில் படுத்தது. பதினேழு தரம் எழுப்பினான், பதினேழு தரமும் படுத்தது. லப்ரொப்பில் சிவப்பு எழுத்தாக வந்துகொண்டேயிருந்தது. தன்னைப்போல அதுவும் சிவப்பில் திருத்துகிறதென்று கண்டதும் ஐயாவுக்கு மெசினில் ஒரு மரியாதை வந்தது. ஆனாலும் தீர்ப்பை மாற்றவில்லை.

"காகிதத்தில பிழையில்லை. அப்ப மெசின்தான் பிழை. வேற மெசின் பாரும்."

"ஐயா!"

"நாளைக்கு வாரும். ஆறுதலாக் கதைப்பம்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்குக் கஜமுகன் வந்தபோது கையில் ஏழு தாள்கள் இருந்தன. முதல் முதல் எழுதினது, சுழியும் சிலுவையும் மாலையும் மட்டும் சேர்த்தது. ஐந்து நாளில் அவன் மெலிந்துவிட்டான் என்று நிருஜா சொன்னாள். பலகாரம் தின்றும் மெலிந்தான்.

"ஐயா, இண்டைக்கு நான் சொல்லுறதைக் கேளுங்கோ." தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "உங்கட உறுதியில வெற்றிடம் கள்ளனுக்கு வழி. ஒத்துக்கொள்ளுறன். ஆனா இதில வெற்றிடம்தான் வேலி, அதுதான் எல்லை. எந்த வரி ஆருக்குச் சொந்தம் எண்டு அதுதான் சொல்லுது. ஒரு வளவுக்கும் மற்ற வளவுக்கும் நடுவில ஒழுங்கை விடுறேல்லையோ? ஒழுங்கை வெறும் இடம்தான். அதை அடைச்சா ஆர் எங்கால போறது? இனி இதில ஒரு இடத்தையும் என்னால தொட ஏலாது ஐயா. எனக்கு இந்த வேலை வேணும். இந்த ஊரில இருக்கவேணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். நொத்தாரிசோடு இப்படி ஒருவரும் கதைத்ததில்லை.

ஐயா சிவப்புப் பேனையை மூடினார். பிறகு தாள்களை வாங்கி மடியில் வைத்து மெல்லத் தடவினார்.

"ஒழுங்கை" என்றார். "ஒழுங்கை எண்டு முதலே சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்குமே, தம்பி. எவ்வளவு பெரிய விசயம்! நான் தெரியாமல் அஞ்சு நாளா உம்மட எல்லையை இடிச்சிருக்கிறன்."

கஜமுகனுக்கு உயிர் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி.

"அப்ப ஐயா..."

"எல்லை எண்டால் அளக்கவேணும்." ஐயா லாச்சியை இழுத்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். "ஒவ்வொரு வெற்றிடத்தையும் எண்ணி, எத்தினை எண்டு ஓரத்தில எழுதி, ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில நான் சின்னக் கையொப்பம் வைக்கவேணும். இல்லாட்டி நாளைக்கு ஒருத்தன் நாலை அஞ்சாக்கிப் போடுவான். ஒண்டு... ரெண்டு... மூண்டு... நாலு. முதல் ஒழுங்கை நாலு. எழுதும்."

"ஐயா, ஏழு தாளில ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு!"

"அதுக்கென்ன, எனக்கு அவசரமில்லை. நீர் ஒவ்வொரு நாளும் வாரும். அடுத்த கிழமைக்குள்ள முடிக்கலாம்."

"இண்டைக்கு அஞ்சு மணிக்கு முதல்..."

"அஞ்சு மணியோ?" ஐயா பூதக்கண்ணாடிக்கு மேலால் வியப்போடு பார்த்தார். "என்ன தம்பி இது, நீர்தானே..."

"தேத்தண்ணி!" என்று பத்மாசனி அன்ரி இருவருக்கும் நடுவில் தட்டை நீட்டினார். அன்றைக்குக் கொழுக்கட்டையும் இருந்தது. ஐயா கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு இரண்டாம் ஒழுங்கைக்குப் போய்விட்டார்.

கஜமுகன் ஒன்றும் எடுக்கவில்லை. நாலே முக்கால் வரைக்கும் எண்ணிக்கை எழுதினான். முதல் தாளில் பாதி முடிந்திருந்தது. பிறகு பேனையை மேசையில் வைத்து, "போட்டு வாறன் ஐயா" என்று எழும்பினான். "திங்கட்கிழமை காலமை வெள்ளன வாரும்" என்றார் ஐயா, எண்ணுவதை நிறுத்தாமல்.

படலையடியில் மோட்டச்சைக்கிளில் சாய்ந்துகொண்டு கைபேசியை எடுத்தான். கம்பனிக்கு 'ஓம், வருகிறேன்' என்று தட்டினான். நாலு ஐம்பத்திரண்டு. அனுப்புகிற பொத்தானில் விரலை வைக்க மனம் வரவில்லை. தூரத்தில் தேவாலய மணி கேட்டது. உப்புக்காற்று வந்தது. அடுத்த மாதம் இந்த நேரம் எதிர்வீட்டுச் சுவர்.

பின்னால் செருப்புச் சத்தம். பத்மாசனி அன்ரி மூச்சு வாங்க வந்தார்.

"தம்பி, கொழுக்கட்டை எடுக்காமல் போறீர்? திங்கட்கிழமை மோதகம் அவிக்கிறன், என்ன?"

"திங்கட்கிழமை வரமாட்டன் அன்ரி. ஐயாவின்ர கையெழுத்து இல்லாட்டி எனக்கு இஞ்ச வேலை இல்லை. அஞ்சு மணிக்குள்ள கொழும்புக்கு ஓமெண்டு சொல்லவேணும். குடும்பத்தோட திரும்பப் போறம்."

அன்ரி திடுக்கிட்டுப்போனார். "கொழும்புக்கோ? ஐயோ! உதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!" வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். ஐயா யன்னலடியில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். அன்ரி சேலை மடிப்புக்குள் கையை விட்டு, நாலாக மடித்த சங்கத்தின் ஏற்புக் கடிதத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். கீழே நீல மையில் கையெழுத்து, போன வெள்ளிக்கிழமைத் திகதி.

"குறை நினையாதையும் தம்பி, அவர் அண்டைக்கே சந்தோசமாக் கையெழுத்து வைச்சு உம்மட்டைக் குடுக்கச் சொல்லித் தந்தவர், நான்தான் உமக்குக் குடுத்திட்டன் எண்டும், பிழை பிடிச்சுத் தரச்சொல்லி நீர் கெஞ்சுறீர் எண்டும் அவருக்குப் பொய் சொன்னனான், தொழிலை விட்ட ஒன்பது வருசத்தில இந்த ஒரு கிழமைதான் அந்த மனுசன் என்ர குசினிக்குள்ள வந்து உப்புப் பேணியையும் சீனிப் பேணியையும் அகர வரிசையில அடுக்கேல்லை!"